எதிரி செத்தா என்ன பேசணும்? ஓமந்தூரார் முதல் மெரினா வரை ஒரு பார்வை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கொடிக்கம்பங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் திமுக, அதிமுக, பாமக, விசிக, தேமுதிக எல்லாம் வந்துவிடும். ஏதாவது ஒரு தலைவர் இறந்தால், அந்தக் கட்சியின் கம்பத்தில் கொடி பாதிக்கு இறங்கும், மாலைக்குள் 'கண்ணீர் அஞ்சலி' பேனர் வந்துவிடும். பேனரில் இறந்தவர் படம் பெரிதாக, கீழே அஞ்சலி செலுத்துபவர்களின் படங்கள் வரிசையாக. (சில பேனர்களில் எது எந்தப் படம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும், அது வேறு கதை.)

இதில் ஒன்று மட்டும் நடப்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவர் இறந்தால் இந்தக் கட்சிக்காரர் பேனர் வைப்பதில்லை. சென்னையில் இருக்கும் தலைவர் 'ஆழ்ந்த இரங்கல்' என்று அறிக்கை விட்டிருப்பார், நேரில் போய் மலர்வளையமும் வைத்திருப்பார். அந்த இரங்கல் ஈசிஆர் வழியாக மரக்காணம் வரைக்கும் வந்து சேர்வதில்லை. வழியில் எங்கே தொலைந்துபோகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாள். மாமல்லபுரத்தில் பாமகவும் வன்னியர் சங்கமும் நடத்திய மாநாட்டுக்கு வாகனங்கள் இந்தச் சாலை வழியாகத்தான் போயின. மரக்காணத்தில் மோதல் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அன்று இரண்டு உயிர்கள் போயின. அவை எப்படிப் போயின என்பதில் போலீஸ் சொன்னது ஒன்று, கட்சி சொன்னது இன்னொன்று. அதன்பிறகு வாரக்கணக்கில் வடமாவட்டங்கள் கொதித்தன; பஸ்கள் எரிந்தன; டாக்டர் ராமதாஸ் கைதானார். இப்படிப்பட்ட ஊரில் 'நம்மாள் செத்தான்', 'அவனாள் செத்தான்' என்கிற வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் ராமதாஸும் திருமாவளவனும் 2004-ல் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கத்தில் ஒரே மேடையில் நின்றவர்கள். ராமதாஸ் வசிக்கும் தைலாபுரம் இதே விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் விழுப்புரம் எம்.பி. விசிகவின் ரவிக்குமார். மரக்காணம் அடங்கிய திண்டிவனம் தொகுதியில் 2021-ல் ஜெயித்தது அதிமுக. எல்லாரும் எல்லாருக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

ஓமந்தூரார் காலத்தில் நடந்தது

சுதந்திரம் வந்தபோது சென்னை மாகாணத்தின் பிரதமர் (அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர்) இந்தப் பகுதிக்காரர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ.பி.ராமசாமி ரெட்டியார். 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை ஆட்சி நடத்தினார். காங்கிரஸ்காரர், காந்தியவாதி, ஆழ்ந்த பக்தர். அவர் ஆட்சியில் இருந்தபோதுதான் 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்டார்.

அந்த மாலை இந்தியா முழுவதும் ஒரே பயம்: சுட்டது யார், எந்த மதம், எந்தச் சாதி? சுட்டவன் மகாராஷ்டிரப் பிராமணன் என்று தெரிந்ததும் மகாராஷ்டிரத்தின் பல ஊர்களில் பிராமணர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இப்போது தமிழ்நாட்டை நினைத்துப் பாருங்கள். இங்கே பிராமண ஆதிக்கத்துக்கு எதிராக இருபது வருடத்துக்கு மேல் பிரசாரம் செய்துவந்த ஓர் இயக்கம் இருந்தது. அதன் தலைவர் பெரியார், காந்தியை நேருக்கு நேர் எதிர்த்தவர். காங்கிரஸை ஒழிப்பதே வேலை என்று சொன்னவர். அவர் வாயிலிருந்து ஒரு சூடான வாக்கியம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வந்தது வேறு மாதிரி. பெரியார் துக்கம் தெரிவித்தார். திருச்சி வானொலியில் பேசினார். மக்கள் அமைதி காக்க வேண்டும் என்றார். இந்த நாட்டுக்கே காந்தி தேசம் என்று பெயர் வைக்கலாம் என்றுகூட எழுதினார். அவருடைய தொண்டர்களே கொஞ்சம் திகைத்துத்தான் போயிருப்பார்கள். தமிழ்நாட்டில் மகாராஷ்டிரம் போல எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பெரியார் ஒருவர்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் அவர் நினைத்திருந்தால் நிலைமையைக் கெடுத்திருக்க முடியும் என்பதில் சந்தேகமே இல்லை. கெடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது பலர் இங்கேயே கதையை முடித்து 'அந்தக் காலத்துப் பண்பாடு' என்று பெருமூச்சு விடுவார்கள். முடிக்க வேண்டாம். அதே 1948-ல் ஓமந்தூராரின் அரசு பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. அதே ஆண்டு பள்ளியில் இந்தி வந்தபோது பெரியார் மறியல் தொடங்கினார். பின்னாளில் காந்தியையும் பழையபடி கடுமையாகவே விமர்சித்தார். யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு கொள்கையை விட்டுவிடவில்லை. இரங்கல் என்பது சண்டை நிறுத்தம் அல்ல. அந்த ஒரு வாரத்துக்கு நம்மாட்கள் கையில் கல் எடுக்கக் கூடாது என்ற உத்தரவு அது. உத்தரவு மேலிருந்து கீழே போய்ச் சேர்ந்தது.

பெரியார் என்றதும் எல்லோரும் சொல்லும் இன்னொரு காட்சி ராஜாஜியின் இறுதிச் சடங்கு. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். குலக்கல்வித் திட்டம் என்று ராஜாஜியின் ஆட்சியையே ஆட்டியவர் அவர்தான். அடுத்த ஆண்டு டிசம்பர் 24-ல் அவரும் போய்விட்டார். இந்தக் காட்சியை நான் இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஐம்பது வருட நட்பு. ஒரு நண்பன் நண்பனுக்காக அழுவதில் அரசியல் பாடம் தேடுவது கொஞ்சம் அதிகம். காந்தி அப்படி நண்பர் அல்ல. அதனால்தான் 1948 முக்கியம்.

'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்றால் என்ன?

இன்றைக்கு ஒரு தலைவர் இறந்த அரை மணி நேரத்தில் எக்ஸ் தளத்தில் வரும் இரங்கல்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். 'அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன்.' 'ஈடுசெய்ய முடியாத இழப்பு.' 'அவரது குடும்பத்தாருக்கும் தொண்டர்களுக்கும் ஆழ்ந்த இரங்கல்.' பெயரை மறைத்துவிட்டால் இறந்தது யார், எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முடியாது. நாற்பது வருடம் 'இவரை ஒழித்தால்தான் நாடு உருப்படும்' என்று பேசியவருக்கு அவருடைய மறைவு எப்படி ஈடுசெய்ய முடியாத இழப்பு ஆகும்? கேட்கக் கூடாத கேள்வி என்கிறார்கள். கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பொய்யான வாக்கியத்தைத் தொண்டர் நம்புவதில்லை. தலைவர் ஒப்புக்குச் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அது மரக்காணம் வருவதற்குள் ஆவியாகிவிடுகிறது.

நல்ல இரங்கல் வேறுபாட்டை மறைக்காது. 1964 மே மாதம் நேரு இறந்தபோது மாநிலங்களவையில் வாஜ்பாய் பேசிய பேச்சு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அப்போது அவர் ஜனசங்கத்தின் உறுப்பினர், நேருவின் கொள்கைகளை அவையில் வரிந்துகட்டி எதிர்த்தவர். கருத்து வேறுபாடு இருந்ததை அந்தப் பேச்சிலேயே சொன்னார்; சொல்லிவிட்டு அந்த மனிதரின் நேர்மைக்கும் தேசப்பற்றுக்கும் தலை வணங்கினார். கேட்டவர்களுக்கு இரண்டும் உண்மை என்று தெரிந்தது.

நம்மிடம் இதைவிடப் பழைய உதாரணம் இருக்கிறது. புறநானூற்றின் 66-ஆம் பாட்டு. வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயிக்கிறான். முதுகில் புண்பட்ட நாணத்தால் சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விடுகிறான். வெண்ணிக் குயத்தியார் என்ற பெண் புலவர், ஜெயித்த கரிகாலனைப் புகழ்வதுபோல் தொடங்கி, அவன் முகத்துக்கு நேராகவே கேட்கிறார்: தோற்று உயிர்விட்டவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று. வெற்றி விழாவில் இப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இன்றைக்கு ஒரு கட்சிப் பத்திரிகை ஆசிரியரை இப்படி எழுதச் சொல்லிப் பாருங்கள். (அதே சங்கக் காலத்துச் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். பழைய ஊர்தான்.)

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 8-ல் மார்கரெட் தாட்சர் இறந்தபோது பிரிட்டனில் எல்லோரும் அழவில்லை. அவர் மூடிய நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கொண்டாட்டமே நடந்தது. சூனியக்காரி செத்தாள் என்று வரும் ஒரு பழைய ஹாலிவுட் படப் பாட்டை மக்கள் வாங்கி வாங்கி, பாடல் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாடாளுமன்றத்தின் அஞ்சலிக் கூட்டத்தில் தொழிற்கட்சியின் கிளெண்டா ஜாக்சன் எழுந்து தாட்சர் செய்த கெடுதலை அடுக்கினார். எதிர்வரிசையில் கூச்சல். பேச அவருக்கு உரிமை உண்டு என்றார் அவைத்தலைவர்.

பாட்டையும் பேச்சையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. பாட்டு, ஒருவர் செத்ததற்குச் சந்தோஷப்பட்டது. ஜாக்சன் செய்தது அப்படி அல்ல. ஆட்சியால் வேலை இழந்தவர்களின் கதை அஞ்சலிக் கூட்டத்திலேயே துடைத்தெறியப்படக் கூடாது என்றார். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே குரலில் புகழ்வதை மட்டும் நாகரிகம் என்று நாம் பழகிவிட்டோம்.

ஆறடி நிலம்

வார்த்தைக்குக் காசு செலவில்லை. எதிரியின் மரணத்தில் ஓர் அரசியல்வாதியை எடைபோட வேண்டுமென்றால், ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சோதனை நடந்த ராத்திரி 2018 ஆகஸ்ட் 7.

அன்று மாலை கருணாநிதி காவேரி மருத்துவமனையில் இறந்தார். முதல்வர் எடப்பாடி பழனிசாமி. அரசு விடுமுறை, ஏழு நாள் துக்கம், முழு அரசு மரியாதை எல்லாம் அறிவிக்கப்பட்டன. ஒன்று மட்டும் மறுக்கப்பட்டது: மெரினாவில் அண்ணா சமாதி அருகே அடக்கம் செய்ய இடம். வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, சட்டச் சிக்கல் இருக்கிறது, கிண்டியில் காந்தி மண்டபம் அருகே இரண்டு ஏக்கர் தருகிறோம் என்றது அரசு. ஸ்டாலின் முதல்வரின் வீட்டுக்கே போய்க் கேட்டார். முதல்வரின் கையைப் பிடித்துக் கெஞ்சியதாகப் பின்னர் கட்சிக் கூட்டத்தில் அவரே சொன்னார்.

திமுக இரவோடு இரவாக உயர் நீதிமன்றம் போனது. பொறுப்புத் தலைமை நீதிபதி ஹுலுவாடி ஜி.ரமேஷ், நீதிபதி எஸ்.எஸ்.சுந்தர் இருவரும் இரவிலேயே விசாரித்தார்கள், மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொடர்ந்தார்கள். அரசுத் தரப்பின் வாதம் என்ன தெரியுமா? பதவியில் இருக்கும்போது இறந்த முதல்வர்களுக்குத்தான் மெரினா. முன்னாள் முதல்வர்களுக்குக் கிடையாது. இதே கருணாநிதி ஆட்சியில், 1996-ல் ஜானகி ராமச்சந்திரன் இறந்தபோது மெரினாவில் இடம் தரப்படவில்லை. அதாவது, நீ அன்று கொடுக்கவில்லை, நான் இன்று ஏன் கொடுக்க வேண்டும்?

வாதமாகப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னுதாரணம் முன்னுதாரணம்தான். ஆனால் அரசாங்கங்கள் பழிக்குப் பழி கணக்கை மரணப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினால் அது எங்கே முடியும்? அடுத்தவர் ஆட்சியில் நம் தலைவர் இறப்பார் என்ற நினைப்பு கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும்.

அந்த ராத்திரியில் என்னைக் கவர்ந்தது வேறு ஒரு விஷயம். மெரினாவில் நினைவிடங்கள் கூடாது என்று ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தவர்கள் இருந்தார்கள். டிராஃபிக் ராமசாமி, பாமகவின் வழக்கறிஞர் கே.பாலு போன்றவர்கள். அரசு காரணமாகச் சொன்னது இவர்களின் வழக்குகளைத்தான். கட்சி மேலிடத்துக்கும் திமுகவுக்கும் அப்போது ஒத்துப்போகாது. இருந்தும் பாலு தன் மனுவைத் திரும்பப் பெற்றார். மற்ற வழக்குகளும் விலகின. அரசின் காரணம் காலையில் காற்றோடு போனது. முற்பகலில் தீர்ப்பு வந்தது: மெரினாவிலேயே அடக்கம். ராஜாஜி ஹாலில் தீர்ப்புச் செய்தி வந்ததும் ஸ்டாலின் கைகூப்பி அழுததை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

இரங்கல் ட்வீட்டுக்கும் வாபஸ் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாலு என்ன அறிக்கை விட்டார் என்று இன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவர் செய்தது ஞாபகம் இருக்கும், இருக்க வேண்டும்.

சொல்லப்போனால் ராஜாஜி ஹால் இருக்கும் வளாகத்துக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்று பெயர். அண்ணா, காமராஜர், எம்ஜிஆர், ஜெயலலிதா, கருணாநிதி என எல்லோரும் கடைசியாகப் படுத்திருந்தது அங்கேதான். சுதந்திராக் கட்சிக்காரரான ராஜாஜியின் பெயர் கொண்ட கட்டடம், காங்கிரஸ்காரரான ஓமந்தூராரின் பெயர் கொண்ட தோட்டம், உள்ளே வரிசையாகத் திராவிடத் தலைவர்கள். எதிரிகள் ஒருவரையொருவர் வழியனுப்ப ஒரு பொது இடம் நமக்கு இருக்கிறது. வட இந்தியாவிலிருந்து வரும் பத்திரிகையாளர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவது உண்டு.

இறந்தவர் யார் சொத்து?

அஞ்சலி முடிந்ததும் அடுத்த கட்டம் ஆரம்பிக்கும்: இறந்தவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. 1975 அக்டோபர் 2, எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த நேரம். காமராஜர் இறந்தார். அவரைக் காலமெல்லாம் எதிர்த்த திமுகவின் முதல்வர் கருணாநிதி முன்னின்று அரசு மரியாதை செய்தார். அவரைக் கட்சியிலிருந்து பிரித்த இந்திரா காந்தியும் டெல்லியிலிருந்து வந்தார். அடுத்த ஆண்டு காமராஜருக்குப் பாரத ரத்னா. சில மாதங்களில் தமிழ்நாட்டில் அவருடைய ஸ்தாபன காங்கிரஸின் பெரும்பகுதி இந்திராவின் காங்கிரஸோடு இணைந்தது. மரியாதை உண்மையா, அரசியலா? இரண்டும்தான். பிரித்துப் பார்க்க முடியாது.

பிரச்சினை மரியாதையில் இல்லை, அதற்குப் பிறகு வரும் கதைகளில் இருக்கிறது. 2025 ஜூலையில் திமுக எம்.பி. திருச்சி சிவா ஒரு கூட்டத்தில் பேசியது நினைவிருக்கிறதா? காமராஜருக்கு ஏசி இல்லாமல் உடம்புக்கு ஆகாது என்பதால் அவருக்காகப் பயணியர் விடுதிகளில் ஏசி போடச் சொன்னார் கலைஞர் என்றார். கடைசிக் காலத்தில் காமராஜர் கலைஞரின் கையைப் பிடித்து, நாட்டையும் ஜனநாயகத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னதாகவும் பேசினார். காங்கிரஸ்காரர்கள் கொதித்தார்கள், கூட்டணியிலேயே சலசலப்பு, சிவா விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அரைக்கைச் சட்டையும் எளிமையும்தான் காமராஜர் என்று நம்பும் ஒரு மாநிலத்தில் ஏசி கதை சொன்னால் வேறென்ன நடக்கும்?

இறந்தவரால் 'அப்படி நான் சொல்லவில்லையே' என்று மறுக்க முடியாது. எதிராளியின் கடைசி வார்த்தையாகச் சொல்லப்படும் எதையும், சொல்பவருக்கு அதனால் லாபம் இருந்தால், நான் பாதிதான் நம்புவேன். நீங்களும் அப்படி வைத்துக்கொள்ளலாம்.

ஜெயலலிதா விஷயத்தில் இது இன்னும் சிக்கல். 2016 டிசம்பர் 5-ல் அவர் இறந்தபோது ராஜாஜி ஹாலுக்கு ஸ்டாலின் வந்து அஞ்சலி செலுத்தினார். கருணாநிதி உடல்நலமில்லாத நிலையிலும் இரங்கல் அறிக்கை வந்தது. இரண்டு மாதத்தில் மரணத்தில் மர்மம் என்ற பேச்சு வலுத்தது. கிளப்பியது எதிர்க்கட்சி மட்டும் அல்ல, ஜெயலலிதாவின் சமாதியில் தியானம் செய்துவிட்டு எழுந்த ஓ.பன்னீர்செல்வமும்தான். ஆறுமுகசாமி ஆணையம் 2017-ல் அமைக்கப்பட்டு 2022-ல்தான் அறிக்கை கொடுத்தது. இடையில் 2021 தேர்தல் பிரசாரத்தில் 'ஜெயலலிதா மரணத்தின் உண்மையைக் கண்டுபிடிப்போம்' என்று வாக்குறுதி கொடுத்தது திமுக. எதிரியின் மரணத்துக்கு நீதி கேட்டு ஓட்டுக் கேட்பது நாகரிகமா? ஒரு முதல்வர் 75 நாள் மருத்துவமனையில் இருந்தார், மக்களுக்கு ஒரு படம்கூடக் காட்டப்படவில்லை. அதைக் கேட்கத்தான் வேண்டும். யார் கேட்டாலும் சரி.

கேள்வி கேட்பதும் இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல என்பது மரக்காணத்துக்காரர்களுக்குத் தெரியும். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்து மீனவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்கு முதல்வர் வந்தார், எதிர்க்கட்சித் தலைவர் வந்தார். சடலங்கள் வீட்டுக்குப் போகும் முன்பே குற்றச்சாட்டுகள் பறந்தன. 'சாவு வீட்டில் அரசியல் செய்யாதீர்கள்' என்று ஆளும் தரப்பு எப்போதும் சொல்லும். அந்தக் கேள்விகள் அன்றே கேட்கப்படாமல் இருந்தால் விற்றவர்கள் யார், கண்டுகொள்ளாமல் இருந்தவர்கள் யார் என்று என்றைக்குத் தெரியும்? ஒரு தலைவர் வயதாகி இறப்பதற்கு உரிய மௌனத்தை, அரசு தடுத்திருக்க வேண்டிய மரணங்களுக்கும் கேட்பது ஏமாற்று வேலை.

ஐந்து மாதம் தாங்கவில்லை

2020 அக்டோபரில் முதல்வர் பழனிசாமியின் தாயார் தவசாயி அம்மாள் காலமானார். ஸ்டாலின் நேரில் போய் ஆறுதல் சொன்னார். கொரோனா காலம், முகக்கவசத்தோடு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்த படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. இதுதான் தமிழ்நாடு என்று நாமும் பகிர்ந்தோம். 2021 மார்ச்சில் பிரசாரம் சூடுபிடித்தது. திமுகவின் ஆ.ராசா ஒரு கூட்டத்தில் பழனிசாமியை ஸ்டாலினோடு ஒப்பிட்டுப் பேசியபோது பிறப்பைக் குறித்து ஓர் உவமை சொன்னார். பழனிசாமி மேடையில் தாயை நினைத்துக் கண்கலங்கினார். ராசா மன்னிப்புக் கேட்டார், தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரத் தடை விதித்தது.

அக்டோபரில் ஆறுதல் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. அது தலைவரோடு நின்றுவிட்டது என்கிறேன். கட்சியின் இரண்டாம் வரிசைக்கே வந்து சேராத நாகரிகம், ஒன்றியச் செயலாளருக்கும் ஐடி விங் தம்பிக்கும் எங்கிருந்து வரும்? இன்று ஒரு தலைவர் இறந்த செய்தி வந்ததும் அவருடைய பழைய பேச்சுகள், ஊழல் வழக்குகள், உடல்நிலை பற்றிய மீம்கள் வாட்ஸ்அப்பில் வரிசைகட்டுகின்றன. அனுப்புகிறவர்களின் முகப்புப் படத்தில் அவர்கள் தலைவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதே தலைவர் அந்த நேரத்தில் மலர்வளையத்தோடு காரில் போய்க்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில் 2025 செப்டம்பர் 10-ல் வலதுசாரிப் பேச்சாளர் சார்லி கிர்க் ஒரு பல்கலைக்கழக நிகழ்ச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டபோது இந்தக் குழப்பம் முழுதாக வெளிப்பட்டது. ஜனநாயகக் கட்சித் தலைவர்கள் உடனே கண்டித்தார்கள். சமூக வலைதளத்தில் கிண்டலாகவோ கடுமையாகவோ எழுதிய ஆசிரியர்கள், ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். நினைவுக் கூட்டத்தில் கிர்க்கின் மனைவி, கொன்றவனை மன்னிப்பதாகச் சொன்னார். அதே மேடையில் அதிபர் டிரம்ப் எழுந்து, தான் எதிராளிகளை வெறுப்பதாகச் சொன்னார். நாகரிகத்தை வேலை நீக்க உத்தரவால் கொண்டுவர நினைத்தவர்களின் தலைவர் பேசியது இது.

இரங்கலையே குற்றமாக்கும் வழக்கம் நமக்கும் புதிதல்ல. 2007 நவம்பரில் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் சு.ப.தமிழ்ச்செல்வன் குண்டுவீச்சில் கொல்லப்பட்டபோது கருணாநிதி இரங்கல் கவிதை எழுதினார். ஒரு முதல்வர் தடை செய்யப்பட்ட இயக்கத்துக்காரருக்கு இரங்குவதா, ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்றார் ஜெயலலிதா. ஒருவர் யாருக்காக அழலாம் என்பதை மாநில அரசியல் முடிவு செய்யத் தொடங்கினால், அடுத்தது யாருக்காக அழாமல் இருக்கலாம் என்பதையும் முடிவு செய்யும்.

அப்படியானால் கட்சிகள் செய்யக்கூடியது என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. தலைவர் அறிக்கை விட்ட அன்றே மாவட்டச் செயலாளருக்கு ஒரு போன்: நம் குரூப்பில் எவனாவது மீம் போட்டால் அட்மினைத் தூக்குங்கள். உள்ளூரில் எதிர்க்கட்சிக்காரர் இறந்தால் கிளைச் செயலாளர் வீட்டுக்குப் போய்வரட்டும். பல ஊர்களில் போகத்தான் செய்கிறார்கள். உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள் சாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஆனால் கரைவேட்டியை மாற்றிவிட்டு, யார் கண்ணிலும் படாமல், இருட்டிய பிறகு போகிறார்கள். கட்சிக்காரராகவே பகலில் போகலாம் என்று மேலிடம் சொன்னால் போதும். இதற்குச் சட்டம் வேண்டாம், செலவும் இல்லை.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1987 டிசம்பர் 24 இருக்கிறது. எம்ஜிஆர் இறந்த செய்தி கேட்டுக் கருணாநிதி ராமாவரம் தோட்டத்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். நாற்பதாண்டு நண்பர், பதினைந்தாண்டு எதிரி. அதே துக்க நாட்களில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. அண்ணா சாலையில் திராவிடர் கழகம் வைத்திருந்த கருணாநிதியின் சிலையை ஓர் இளைஞர் கடப்பாரையால் இடித்தார். அந்தப் படத்தை முரசொலியில் போட்டுக் கீழே கவிதை எழுதினார் கருணாநிதி. சிலை திரும்ப அந்த இடத்துக்கு வரவில்லை. 2022 மே 28-ல்தான் சென்னையில் அரசு அவருக்குச் சிலை வைத்தது, அண்ணா சாலையை ஒட்டிய ஓமந்தூரார் தோட்டத்தில். திறந்துவைத்தவர் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் வெங்கய்ய நாயுடு, பாஜகவின் முன்னாள் தேசியத் தலைவர்.